பேசாச்சாமி கேட்ட பதினொரு கேள்விகள்

மூச்சைக் கவனிப்பதுதான் புத்தர் சொன்ன தியானத்தின் முதல் பாடம் என்றால், அதை நான் என் மகள் மகிழினி பிறந்த அன்றே தொடங்கிவிட்டேன். ஒரே ஒரு வித்தியாசம், நான் கவனித்தது அவளுடைய மூச்சை.

பகலில் அவள் தூளியில் தூங்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். விரலில் காற்று படும். ஆனால் அது அவள் மூச்சா, மின்விசிறியா? மின்விசிறியை நிறுத்துவேன். வியர்த்துப்போய் அவள் எழுந்துகொள்வாள். எழுந்தால் அழுவாள். அழுதால் மூச்சு இருக்கிறது என்று உறுதியாகிவிடும். நிம்மதியாக அவளை மறுபடி தூங்க வைப்பேன். (நான் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். மனித சுவாச மண்டலத்தைப் பத்தாம் வகுப்புக்குப் படம் வரைந்து நடத்தியவள். எல்லாம் மற்றவர்களுடைய நுரையீரல் என்னும்வரைதான்.)

அரியலூரில் நாங்கள் போகும் குழந்தை மருத்துவர் பொறுமைசாலி. ஒரே மாதத்தில் ஐந்தாவது முறையாக நான் மகிழினியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றபோது, அவளைப் பார்த்துவிட்டு என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டில் எதையோ எழுதி நீட்டினார். 'தியானம், தினமும் பத்து நிமிடம்' என்று இருந்தது.

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

டாக்டர் சொன்னால் செய்யவேண்டும். கைப்பேசியில் ஒரு காணொளியைப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். மூச்சை ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணவேண்டும், நடுவில் மனம் அலைந்தால் மெதுவாகத் திருப்பிக் கூட்டிவரவேண்டும் என்றது அதில் ஒரு இனிமையான குரல். மூன்று வாரத்தில் நான் தொட்ட உச்சம் நான்கு. ஐந்தாவது மூச்சில் பாப்பா வாயில் கொலுசு மணி போயிருக்குமோ என்று எழுந்து ஓடிவிடுவேன். உண்மையைச் சொன்னால் என் மனம் அலையவே இல்லை. அது ஒரே இடத்தில், தூளிக்குப் பக்கத்தில், ஆணி அடித்ததுபோல நின்றுகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் பெரம்பலூரில் நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து தலைமையாசிரியை பேசினார். பிரசவ விடுப்பை நீட்டி நீட்டி நான் வீட்டில் இருந்தது ஒன்றே முக்கால் வருடம். ஜூனில் வந்து சேருகிறேனா இல்லையா என்று வருகிற திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள்.

எனக்குப் போகவேண்டும். கரும்பலகை, சாக்கட்டி, தவளை இதயத்தின் மூன்று அறைகள், ஒன்பதாம் வகுப்பின் சத்தம், எல்லாம் வேண்டும். காலையில் எழுந்ததும் "போறேன்" என்பேன். மாலையில் மகிழினி ஒரு தும்மல் போட்டதும் "போகல" என்பேன்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலா? இருக்கிறார். என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். திருமானூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகளுக்குக் குறையாமல் சோறு போட்ட கை. அந்தக் கையில் ஒரு பிள்ளையை ஒரு நாள் விடுவதற்கு எனக்குப் பயம். இதை அவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

என் கணவர் சிமெண்ட் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். எதையும் சோதித்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார். அந்த வாரம் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். குன்னம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தியான முகாம். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை முழு மௌனம். கைப்பேசி கிடையாது.

"ஒரு நாள் பாப்பாவ வுட்டுட்டு இருந்து பாரு. நாலு மணி வரைக்கும் இருந்துட்டேன்னா ஸ்கூலுக்குப் போற. முடியலன்னா வேலைய வுட்டுடலாம். அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு இது நியாயமாகப் பட்டது. பரீட்சை என்று ஒன்று வைத்துவிட்டால் நான் நன்றாக எழுதக்கூடியவள். மௌனத்தை ஒரு வார்த்தை உடைத்தாலும் தோல்வி என்று கூடுதல் விதி ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.)

ஞாயிறு காலைக்குள் அத்தைக்காக நான்கு பக்கம் குறிப்பு எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். இரண்டாம் பக்கம் சாப்பாடு. மூன்றாம் பக்கம் தூக்கம், உட்பிரிவுகளுடன். அத்தை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே முழுவதும் படித்தார். "பரீட்சைக்கு எதெல்லாம் முக்கியம்னு கோடு போட்டுக் குடுத்துட்டுப் போ" என்றார்.

இனி நான் செய்த தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன். துண்டுச் சீட்டில் வெளிர் நிறப் பருத்தி ஆடை என்று போட்டிருந்தது. என்னிடம் இருந்த ஒரே வெளிர் நிறப் பருத்திப் புடவை, சமயபுரத்துக்கு மாலை போட்டு நடந்தபோது எடுத்த மஞ்சள் புடவை. அதைக் கட்டிக்கொண்டேன். தலைக்குக் குளித்திருந்தேன். ஈரம் காயட்டும் என்று ஒரு கிளிப் மட்டும் போட்டேன். கிளம்பும் நேரத்தில் மகிழினி அதைப் பிடுங்கிக்கொண்டாள். திரும்பக் கேட்டால் அழுவாள், அழுதால் நான் போகமாட்டேன். விரித்த தலையோடு பஸ் ஏறிவிட்டேன்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்களில் சிலர் இன்னும் என்னிடம் சந்தேகம் கேட்கத் தயாராக இருக்கிறார்கள்.

சமுதாயக் கூடத்தில் பதினைந்து பேர் போல வந்திருந்தோம். நடத்தியவர் அன்பரசு சார், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர்தான். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். முதலில் எங்களை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், ஒரு வேப்பமரத்தடியில் இருந்த கல் புத்தரைக் காட்டினார். இடுப்பளவு உயரம், மூக்கு கொஞ்சம் உடைந்திருந்தது. மடியில் கைமேல் கை, மூடிய கண். நெற்றியில் யாரோ விபூதி பூசி, கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள்.

ஊர்க்காரர்கள் இவரைப் பேசாச்சாமி என்பார்களாம். எத்தனையோ காலமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். ஏதாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் இரண்டு தோளிலும் ஒவ்வொரு பூ வைத்துக் கேட்பார்கள். வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் செய்யலாம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. "எங்களுக்குப் புத்தர், அவங்களுக்குப் பேசாச்சாமி. அவரு ரெண்டு பேரையுமே ஒண்ணும் சொல்றதில்ல" என்று அன்பரசு சார் சிரித்தார்.

பிறகு கைப்பேசிகளை ஒரு துணிப்பையில் வாங்கினார். நான் என்னுடையதைப் போட்டேன், எடுத்தேன், ஒலியைக் கூட்டிவைத்தேன், மறுபடி போட்டேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது.

காலை அமர்வில் அவர் சொல்லிக்கொடுத்தது எளிமையானது. மூச்சை நீங்கள் விட வேண்டாம், அது தானாக வரும், தானாகப் போகும், வெறுமனே பாருங்கள். நடுவில் எது வந்தாலும் அதற்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். சத்தம் கேட்டால் 'கேட்டல், கேட்டல்'. ஏதாவது மேலே பட்டால் 'தொடுதல், தொடுதல்'. நான் நல்ல மாணவி. 'பாப்பா, பாப்பா' என்று பெயர் வைத்தபடியே இரண்டு மணி நேரத்தை ஓட்டினேன்.

அடுத்தது நடைத் தியானம். ஒவ்வொரு அடியையும் உணர்ந்து, குனிந்த பார்வையோடு மிக மெதுவாக நடக்கவேண்டும். அது முடிந்ததும் நிழல் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கலாம். மற்றவர்கள் கூடத்தின் முற்றத்திலேயே சுற்றி நடந்தார்கள். எங்கே திரும்பவேண்டும் என்று யாரும் சொல்லாததால் நான் திரும்பவில்லை. நேராகப் போனேன். தூக்கிய பாதம், வைத்த பாதம் என்று நிமிர்ந்து பார்த்தபோது ஏரிக்கரை வேப்பமரத்தடியில், பேசாச்சாமிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நிழல் இருந்தது. அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சரியான முறையில்தான் உட்காருவோமே என்று அவரைப் பார்த்து அதேபோல மடியில் கைமேல் கை வைத்து, கண்ணை மூடினேன்.

ஒன்றே முக்கால் வருடமாகத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்காதவள் பங்குனி மாத நண்பகலில், வேப்பங்காற்றில் கண்ணை மூடினால் என்ன ஆகும்? மூன்றாவது மூச்சிலேயே தூங்கிவிழ ஆரம்பித்தேன். முன்னால் சாய்வேன், திடுக்கிட்டு நிமிர்வேன். இடப்பக்கம் சாய்வேன், நிமிர்வேன். விரிந்த தலைமுடி முகத்தில் விழுந்து எழுந்தது. போதாததற்கு நான் உட்கார்ந்த இடம் கட்டெறும்புப் புற்றை ஒட்டியது. ஒன்று தொடையில் கடித்தது. பேசக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்றேன்.

மஞ்சள் புடவை, விரித்த தலை, மூடிய கண், ஆட்டம், சீறல். இதைப் படிக்கிற உங்களுக்கே புரிந்திருக்கும். எனக்கு மட்டும் புரியவில்லை.

"யாரும்மா நீ?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

'கேட்டல், கேட்டல்' என்று பெயர் வைத்தேன்.

"எந்தூரும்மா? ஏன் இப்புடி ஒக்காந்திருக்க?"

வாயைத் திறந்தால் பள்ளிக்கூடம் போயிற்று. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதே நேரம் இரண்டாவது எறும்பு கடித்தது. "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று உடம்பைச் சிலிர்த்தேன்.

குரலில் மரியாதை வந்துவிட்டது. "சாமீ" என்றது அது. ஆடு மேய்க்கும் அந்த அக்கா யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. அப்போதே எழுந்து ஓடியிருக்கவேண்டும். ஆனால் என் மனம் எப்போதும் போல இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டிருந்தது. எழுந்தால் தவறாக நினைப்பார்களோ, எழாவிட்டால் தவறாக நினைப்பார்களோ. அந்த வாதம் முடிவதற்குள் பருத்தி எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் மரத்தடியில் கூடிவிட்டார்கள்.

என் கையில் வேப்பிலைக் கொத்து ஒன்று செருகப்பட்டது. தொடுதல், தொடுதல். நெற்றியில் விபூதி. தொடுதல். காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அன்பரசு சார் சொல்லித்தரவில்லை.

"பேசாச்சாமிதான் எறங்கியிருக்கு. பாரு, அதே மாரியே கை வச்சிருக்கு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

முதல் கேள்வி ஆட்டுக்கார அக்காவுடையது. அவருடைய செம்மறிக் கிடா முந்தாநாள் மேய்ச்சலிலிருந்து காணாமல் போய்விட்டது. பூ வைத்துக் கேட்டும் தெரியவில்லை. கிடா இருக்கிறதா, இல்லை யாராவது அறுத்துத் தின்றுவிட்டார்களா, சாமிதான் சொல்லவேண்டும். அவர் குரல் அழுகையில் உடைந்ததும் என்னால் கண்ணைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. பாதிதான் திறந்தேன். கூட்டம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, சிலைக்குப் பின்னால் ஒரு செம்மறிக் கிடா நின்று பேசாச்சாமியின் செவ்வந்தி மாலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

நான் என்ன செய்வேன்? கையை நீட்டிக் காட்டினேன்.

அதன் பிறகு எழுந்த குலவைச் சத்தம் கூடத்து முற்றம்வரை கேட்டிருக்கவேண்டும். பக்கத்தில் ஒரு பாட்டி என் காலில் விழுந்தார். என் வயதுக்கு நான் அவர் காலில் விழவேண்டும். மனதுக்குள் விழுந்தேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். என் வயதுதான். இடுப்பில் ஒரு பையன், மகிழினி அளவு. பின்னால் முந்தானையை இடுப்பில் செருகியபடி அவள் மாமியார். அவள் மண்டியிட்டாள்.

"சாமி, எம் பேரு கலையரசி. பெரம்பலூர் பக்கம் செருப்புக் கம்பெனில வேல கெடச்சிருக்கு. நாளைக்குள்ள வரேன் வரலன்னு சொல்லணும். இவன வுட்டுட்டுப் போலாமா, வேணாமா? மூணு நாளா பூ வச்சிப் பாக்கறன். ரெண்டு பக்கமும் விழ மாட்டேங்குது."

நாளைக்குத் திங்கட்கிழமை. உலகத்தில் எனக்குப் பதில் தெரியாத ஒரே கேள்வி இதுதான், அதைத் தேடி எடுத்துவந்து என்னிடமே கேட்கிறாள். தலையை மேலும் கீழும் ஆட்டினால் போகச்சொன்னதாக ஆகிவிடும். பக்கவாட்டில் ஆட்டினால் இவள் வேலை போய்விடும். தப்பித் தவறிக்கூடத் தூங்கிவிழக் கூடாதென்று கழுத்தை விறைத்துக்கொண்டேன்.

அவள் இடுப்பிலிருந்த பையன் இருமினான். ஒரே ஒரு இருமல்தான்.

"எத்தன நாளா இருமல்?" என்றேன்.

கூட்டம் மூச்சை நிறுத்திக்கொண்டது. எத்தனையோ காலத்தில் பேசாச்சாமி பேசிய முதல் வார்த்தைகள் அவை. என் பள்ளிக்கூடமும் அத்தோடு போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அணையைத் திறந்தாகிவிட்டது.

"நேத்திலேருந்துங்க சாமி" என்றாள் கலையரசி.

"நீ போயிட்டா யாரு பாத்துப்பா?"

"எங்கத்தைதான்."

நான் அந்த மாமியாரைப் பார்த்தேன். கண் முழுதாகத் திறந்துவிட்டது. "ஜொரம் வந்தா மருந்து எத்தன மில்லி குடுக்கணும்னு தெரியுமா?"

கூட்டத்தில் லேசான சலசலப்பு. மில்லிக் கணக்குக் கேட்கும் சாமியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. ஆனால் அந்த அம்மா அசரவில்லை. "நர்சம்மா சொன்ன அளவுக்கு மூடியில நகப்பாலீசால கோடு போட்டு வச்சிருக்கன் சாமி" என்றார்.

நகப்பாலீஷ். நான்கு பக்கம் எழுதிய எனக்குத் தோன்றவில்லை. அடுத்தடுத்துக் கேட்டேன். வீட்டுப் பக்கம் கிணறு இருக்கிறதா? இருக்கிறது, கம்பி வலை போட்டு மூடியாயிற்று. வேர்க்கடலையைப் பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால்? உரிக்கும்போது பிள்ளையைக் கட்டிலில் ஏற்றிவிடுவார். அவசரத்துக்கு வண்டி? பக்கத்து வீட்டு ஆட்டோ. நர்சம்மா எண்? சுவரில் கரியால் எழுதியிருக்கிறது. தெருநாய்? வாசல் படலைச் சாத்தியே வைப்பார். சோறு வேண்டாம் என்றால்?

"பசிச்சா திம்பான் சாமி."

"தூங்கும்போது மூச்சு வருதான்னு பாப்பீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவர் முதல்முறையாகக் கொஞ்சம் யோசித்தார். கேள்வி புரியாமல் இல்லை, சாமிக்கு எப்படிப் பதில் சொல்வது என்ற தயக்கம் என்று நினைக்கிறேன். "மூச்சு அதுபாட்டுக்கு வரும் சாமி. பாத்தாலும் வரும், பாக்காட்டியும் வரும்" என்றார்.

இதைத்தான் காலையில் இரண்டு மணி நேரம் அன்பரசு சார் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாப்பா, பாப்பா என்றிருந்ததில் காதில் விழவில்லை.

என்னிடம் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்கும்போது என் குரல் சாமிக் குரலாக இல்லை. "அம்மா வேணும்னு அழுதா?"

"அழுவான். கொஞ்ச நேரம் அழுவான். நானும் கூட ஒக்காந்து அழுவேன். அப்புறம் ரெண்டு பேருமா ஆட்டுக்குட்டி பாக்கப் போயிடுவோம்."

பையன் ஆட்டுக்குட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் இடுப்பிலிருந்து அப்படியே மாமியாரின் தோளுக்குத் தாவினான். பிறகு எண்ணிப் பார்த்தேன், பதினொரு கேள்விகள் கேட்டிருந்தேன். ஒன்றே முக்கால் வருடமாக என்னை அரித்த பயங்களெல்லாம் எடுத்துவைத்தால் பதினொன்றுதான். பன்னிரண்டாவதாகக் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"போம்மா. வேலைக்குப் போ. இங்க பாக்க ஆளு இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

கலையரசியும் அழுதாள். குலவை போட்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அந்த நேரத்தில்தான் அன்பரசு சாரும், மௌனத்தை உடைக்காத மற்றவர்களும் கரைமேல் வந்து நின்றார்கள். தன் மாணவி வேப்பிலையோடும் விபூதியோடும் தீபாராதனையில் அமர்ந்திருப்பதைப் பார்த்த அன்பரசு சார், கையிலிருந்த முகாம் கையேட்டைப் புரட்டினார்.

"மேடம்," என்றார் கடைசியாக, "கையேட்டுல இதுக்கு ஒண்ணும் எழுதல."

எழுந்து நின்று கும்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். "மன்னிச்சிக்குங்க. நான் சாமி இல்லீங்க. அரியலூர்லேருந்து வந்திருக்கேன், டீச்சரு. பேசக்கூடாதுன்னு விரதம். எறும்பு கடிச்சுது, அதான் ஆடுனேன்."

கோபப்படுவார்கள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"அப்ப என் கெடா?" என்றார் ஆட்டுக்கார அக்கா.

"சாமி பின்னாடியேதாங்க நின்னுச்சு."

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு பருத்திப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாது? ஒரு கொடம் மஞ்சத் தண்ணிய ஊத்தினமே" என்று அவரே என் புடவையைப் பிழிந்துவிட்டார். நான் கலையரசியிடம் போய், நான் சொன்னதை நம்பி எதையும் முடிவு செய்யவேண்டாம் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்லக்கா. சாமிக்கு மில்லி கணக்குத் தெரியுமா? நீங்க கேட்டதுலதான் எங்கத்தைக்கு இம்புட்டுத் தெரியும்னே எனக்குத் தெரிஞ்சிச்சு."

அவள் மாமியார் அந்தப் பக்கம் திரும்பி நின்று பையனுக்கு ஆடு காட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

மோர் வந்தது. மாலை நான்கு மணிக்கு, எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்ற கடைசித் தியானத்தை அன்பரசு சார் அந்த மரத்தடியிலேயே வைத்தார். ஊர்ப் பெண்களும் உட்கார்ந்தார்கள், கிடாவும் நின்றது. அவ்வளவு நல்ல தியானத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. (முழுவதும் தூங்கிவிட்டேன்.)

துணிப்பையிலிருந்து என் கைப்பேசியை முதல் ஆளாக எடுத்தேன். பத்துப் பதினைந்து தவறிய அழைப்புகளாவது இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுகூட இல்லை. கணவரிடமிருந்து புகைப்படங்கள் மட்டும் வந்திருந்தன. மகிழினி தூளியில் வாய் திறந்து தூங்குகிறாள், அவள் மூக்கின் கீழே ஒரு விரல். காய்ப்புக் காய்த்த, மஞ்சள் கறை ஏறிய, அத்தையின் விரல். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஏழு படங்கள். ஒவ்வொன்றின் கீழேயும் 'மூச்சு வருது, அம்மா சொல்லச் சொன்னாங்க' என்று எழுதியிருந்தார்.

பஸ்ஸில் நின்றுகொண்டே அந்த ஏழு படங்களையும் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண் என் விபூதியையும் கண்ணீரையும் பார்த்துவிட்டு, எழுந்து இடம் கொடுக்கும்படி யாரிடமோ மரியாதையாகச் சொன்னாள்.

வீட்டு வாசலில் அத்தை என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். மஞ்சள் கறை, விபூதி, தலையில் இரண்டு வேப்பிலை. "தியானம் நல்லாக் கத்துக்குடுத்துருக்காங்க" என்றார்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். மௌனத்தை உடைத்துவிட்டதால் பரீட்சையில் தோற்றுவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே வெகு நேரம் ஆனது. பிறகு நான் அந்த மூச்சுப் படங்களைப் பற்றிக் கேட்டேன். அப்படியெல்லாம் பார்க்கவேண்டியதில்லை என்று உங்களுக்குத் தெரியாதா அத்தை என்றேன்.

"எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியணும்ல. மூணாம் பக்கத்துல எழுதியிருந்தியே" என்றார், வெங்காயம் உரித்துக்கொண்டே.

அன்றைக்கு நான் அவரிடம் நன்றி என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லும் வழக்கமில்லை. எழுந்துபோய்க் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த நான்கு பக்கத்தையும் கிழித்தேன். திங்கட்கிழமை காலை தலைமையாசிரியையைக் கூப்பிட்டு, ஜூனில் வந்து சேருகிறேன் என்றேன். கணவர், ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வரலாமா என்று ஆரம்பித்தார். சும்மா இருக்கச்சொல்லி அத்தையும் நானும் ஒரே நேரத்தில் அதட்டினோம்.

இப்போது பள்ளிக்குப் போகிறேன். காலையில் அந்த ஊர் நிறுத்தத்தில் கலையரசி ஏறுவாள். மாலையில் திரும்பும்போது எனக்கு முன்னாலேயே பஸ் ஏறி, சாப்பாட்டுப் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவைத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி "மில்லிச்சாமி, இங்க வாங்க" என்பாள். நடத்துனருக்குக்கூட இப்போது நான் மில்லிச்சாமிதான். மருந்துக் கோட்டுக்கு எந்த நிற நகப்பாலீஷ் நல்லது என்பதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சில நாள் காலையில் மகிழினிக்கு மூக்கு ஒழுகும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றுவிடுவேன். போகவா, வேண்டாமா. அப்போது அத்தை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வருவார். கண்ணை மூடுவார். லேசாக ஒரு ஆட்டம் ஆடுவார். இரண்டே கால் வயது மகிழினியும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்பாள்.

"போம்மா. வேலைக்குப் போ. இங்க பாக்க ஆளு இருக்கு" என்பார் அத்தை, என் குரலிலேயே.

நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். பஸ் நிறுத்தத்தில் நின்று, கைப்பேசியை எடுப்பதற்கு முன்னால் மூச்சை எண்ணுவேன். என்னுடைய மூச்சை. இப்போதெல்லாம் ஒன்பது வரை வருகிறது. பத்தில் பஸ் வந்துவிடும்.